கடிகாரத்தைத் திருப்பிவைத்த மேனேஜர்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் இயங்கிய எங்கள் கம்பெனி, அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்துகொடுத்தது. 2007 வாக்கில் நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து அங்கே வேலைக்குப் போனேன். புரோகிராம் எழுதுவது நான். அதை ஆலைகளுக்கு அனுப்பும் அதிகாரம் மட்டும் மேனேஜருக்கு. என்ன தகுதி என்று கேட்டுவிடாதீர்கள். அவர் முதலாளியின் மச்சான். அதைவிடப் பெரிய பட்டம் எங்கள் ஆபீசில் யாரிடமும் இல்லை.

காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓர் ஆலையின் கணக்கர் ஒருநாள் போன் செய்தார். நெல் காய்ந்தால் எடை குறையும் அல்லவா? அந்தக் குறைவை எங்கள் மென்பொருள் இரண்டு தடவை கழித்துக்கொண்டிருந்தது. குடோனில் இருக்கும் மூட்டை கம்ப்யூட்டரில் இல்லை; திரையைப் பார்த்தால் யாரோ மூட்டையைக் கடத்தியதுபோல் இருக்கும். "ஓனரு என்னய ஒரு மாதிரி பாக்குறாரும்மா. பேரு கெட்டுடும், சீக்கிரம் சரி பண்ணுங்க" என்றார். வயதில் பெரியவர், என்னிடம் போய்க் கெஞ்சினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பிழையைச் சரிசெய்து வெர்ஷன் கன்ட்ரோலில் ஏற்றினேன். யார், எப்போது, எதைத் திருத்தினாலும் நேரத்தோடு பதிந்துவைக்கும் ஏற்பாடு அது. ரிலீஸ் பட்டனைத் தட்டினால், தட்டிய நேரம்வரை பதிவானதைத் திரட்டி சி.டி.யில் எழுதித் தரும். எனக்கு முன்பிருந்தவர் அப்படி அமைத்துவிட்டுப் பெங்களூர் போய்விட்டார். பட்டனைத் தட்ட வேண்டியது மேனேஜர் பாடு என்று நான் டீ குடிக்கப் போனேன்.

அங்கேதான் வந்தது வினை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். ஆலை ஆளோ சி.டி.க்காகப் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறான். மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பத்தேகாலுக்குத் திருப்பிவைத்தார். பட்டனைத் தட்டினார். 'உறுதியா?' என்று கேட்டது. ஆமாம் என்றார். பத்தேகாலுக்கு என் திருத்தம் பிறக்கவே இல்லையே! பழைய பிழை புது உறையில், சுபமுகூர்த்தத்தில், பஸ் ஏறிப் போனது.

திங்கட்கிழமை கணக்கரின் போன். "புது சி.டி.லயும் மூட்ட கொறயுது. திருடன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றார். அடுத்த பஸ்ஸில் ஓடினேன். எங்கள் தப்பு என்று ஆலை முதலாளியிடம் எவ்வளவோ சொன்னேன். "கம்ப்யூட்டரு எதுக்கும்மா பொய் சொல்லப்போவுது? அது என்னா, நெல்லயா திங்குது?" என்றார். ஆட்களை விட்டு மூட்டைகளை எண்ணவைத்தார். கணக்கர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. "சரி சரி, போயி வேலயப் பாருய்யா. இன்னொரு வாட்டி கொறஞ்சுது, அவ்ளோதான்" என்றார் முதலாளி. மன்னிப்பு அவ்வளவுதான்.

திரும்பி வந்து விசாரித்தால், மேனேஜர் கடிகாரக் கதையைப் பெருமையாகச் சொன்னார். அட ஆண்டவனே! அன்றே அந்த ரிலீஸ் ஏற்பாட்டைப் பிரித்து மேய்ந்தேன். இனி அது நேரத்தைப் பார்க்காது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் விழும் பதிவு எண்ணைத்தான் பார்க்கும். கணக்கு சரியா என்று பார்க்கும் சோதனைகள் தேறாமல் சி.டி. எழுதாது. 'உறுதியா?' என்ற கேள்வியைத் தூக்கிவிட்டேன். சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு என்பதுபோல் அதற்கு ஆமாம் சொல்லிப் பழகியிருந்தார் மனுஷர். அதற்குப் பதில், எந்த ஆலைக்கு எந்த எண் என்று தட்டச்சு செய்தாக வேண்டும்.

மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மாமா, இந்தப் பொண்ணு என்னயே சந்தேகப்படுது! மெசின வுட்டு கேள்வி கேக்குது!" என்று எங்கள் முதலாளியிடம் போய் நின்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, மச்சானுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி வெச்சுக் குடுத்துடேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செஞ்சுடறேன் சார்" என்றேன். செய்தும் கொடுத்தேன். குறுக்கு வழியில் அனுப்பினால், ஆலையின் முதல் திரையில் கொட்டை எழுத்தில் இப்படி வரும்: 'இது சோதிக்காமல் அனுப்பப்பட்டது. கணக்கு தவறினால் மேனேஜரைக் கூப்பிடவும்.' கீழே அவருடைய செல் நம்பர். ஒரே ஒரு தடவை அதைப் பார்த்தார். அதன் பிறகு சோதனை முடியும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தார். ராகு காலமும் தானாகக் கழிந்தது.

சரியான சி.டி. ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கணக்கரின் செல்லுக்குப் போன் செய்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். இனிமேல் யார் நினைத்தாலும் தப்பான கணக்கு வராது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"நல்லதும்மா. நான் வேலய விட்டு நின்னுட்டேன்" என்றார்.

"ஏங்கய்யா? மூட்ட எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

"இருந்துச்சும்மா. ஆனா எண்ணிப் பாத்தப்புறம்தான நம்புனாங்க."