மீனுக்குப் பின்னால் வந்த தண்ணீர்

ரியோ கிராண்டே ஆற்றுப் பாசனத்தில் மடை திறந்து மூடும் வேலைக்கு டெல்ஃபினா வந்த நாளிலிருந்து, கல்யாண வீட்டில்கூட அவளை யாரும் நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை. ஒருவனுக்கு முறை தள்ளிப்போயிருக்கும், இன்னொருவனுக்குத் தண்ணீர் பாதி வயலோடு நின்றிருக்கும். அவளா சளைப்பாள்? சாப்பாடு உள்ளே போகும், பதில் வெளியே வரும்.

அந்த ஆகஸ்டில் அணை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இருந்ததில் உழவர்களுக்குக் கொஞ்சம், ஆற்றில் அழிந்துகொண்டிருந்த விரல் நீள வெள்ளி மீனுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்தார்கள். கடைமடை ஒனெசிமோவின் மிளகாய் வாடிக் கிடந்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் காய்க்கும், இல்லாவிட்டால் சருகுதான்.

"ஏன் தங்கச்சி, அந்த மீனு வரி கட்டுதா? ஓட்டுப் போடுதா?" என்றார் ஒனெசிமோ.

"அதுக்கு வாயில்லண்ணே. உங்களுக்கு இருக்கறதே ஊருக்குப் போதும்."

காய்ந்த ஆற்றில் தண்ணீர் விட்டால் பாதியை மணலே குடித்துவிடும். அணை அலுவலகத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். மீனின் பங்கை முதலில் விட்டால் அது மணலை நனைத்துக்கொண்டு போகும். பின்னாலேயே ஒனெசிமோவின் பங்கும் சேதாரமில்லாமல் போய்ச் சேரும். ஆனால் வழியில் ஒரு மடைகூடத் திறக்கக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அதை நம்பி டெல்ஃபினா ஒனெசிமோவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிய ஆற்றில் தண்ணீர் வந்தது. தலைமடையே திறந்து கிடந்தது. குதிரைமசால் தீவன வயலில் கணுக்கால் தண்ணீரில் மண்வெட்டியோடு நின்றவன் ஃபிடென்சியோ, அவளுடைய கணவன்.

"என்னங்க இது?"

"செவ்வாக்கிழமை நம்ம முறை. அப்பா காலத்திலேருந்து அப்படித்தானே?"

"கூட்டத்துல தலையாட்டினது யாரு?"

"அது பழக்கத்துல ஆட்டினது."

வேலியோரம் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். புருஷனுக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டமா என்று பார்க்கத்தான். டெல்ஃபினா மடையை இறக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டினாள். "அடுத்த முறைத் தண்ணி உங்களுக்குக் கிடையாது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். ஃபிடென்சியோ மண்வெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பக்கத்து வயல்காரர் தன் மடையைப் பாதி தூக்கியிருந்தவர், சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்.

அவள் மடை மடையாகப் பார்த்துக்கொண்டு தண்ணீரோடு கூடவே போனாள். நுரையும் சுள்ளியும் சுமந்து, நடக்கிறவர் வேகத்தில்தான் அது வந்தது. ராத்திரி வீட்டில் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அவள் கவலையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தது. முந்தின ராத்திரி ஃபிடென்சியோ வீட்டுக்கே வரவில்லை. இங்கே, ஒனெசிமோவின் வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்று, அடைத்துக் கிடந்த கோரையை வெட்டி வெளியே போட்டுக்கொண்டிருந்தான்.

"நேத்து வந்தவர்தான் தங்கச்சி," என்றார் ஒனெசிமோ. "போகச் சொன்னா கேக்கல. வாய்க்கால் இப்படிக் கிடந்தா தண்ணி வயலுக்கு ஏறாதுங்கறார்."

டெல்ஃபினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்றாள்.

ஃபிடென்சியோ நிமிரவில்லை.

"என் செவ்வாக்கிழமைத் தண்ணியும் இதுல இருக்கு. வீணாப் போக விடுவேனா?"