நாலாம் நம்பர் குருவி

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், ஏனென்றால் அந்த வருஷம் வரைக்கும் இப்படி யாராவது கதை சொன்னால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். பறவை ஆராய்ச்சி செய்கிறவள் நான். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. பேய் பிசாசுக்கு அதில் இடம் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலை ஓடைகளில் சீகாரப் பூங்குருவி என்று ஒரு பறவை உண்டு. கருநீலமாக இருக்கும், மனுஷர் சீட்டியடிப்பது போலவே பாடும். மழைக்காலத்தில் ஓடைப் பாறையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து முடித்ததும் அது எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. ஆறு குருவிகளைப் பிடித்து முதுகில் சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டிப் பறக்கவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை. ரிசீவரில் அதன் எண்ணை வைத்து ஆண்டெனாவைத் திருப்பினால், குருவி பக்கத்தில் இருந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும்.

கேட்டால்தானே! ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒன்றுகூடக் கேட்கவில்லை. பாக்குத் தோப்பு பாக்குத் தோப்பாக அட்டைக்கடியும் மழையுமாக அலைந்தேன். நாலாம் நம்பர் மட்டும் கிடைத்தது, அதுவும் எப்படி, ஓடையோரம் சிதறிய இறகுகளாக. ஏதோ பிராணி தின்றுவிட்டிருந்தது. மிஞ்சிய டிரான்ஸ்மிட்டரின் பேட்டரிக் கம்பியை நானே வெட்டி, 'டிக் டிக்' நின்றதும் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர், "மாசக் கடைசிக்குள்ள தகவல் வரலைன்னா தலைப்பை மாத்திக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷ உழைப்பு. அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

ஒரு நாள் காலையில் ஜீப்புக்குப் பாகம் வாங்க அவிநாசி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம், நானும் டிரைவர் பழனிச்சாமி அண்ணனும். மலைக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்ப்பக்கம். பழக்கதோஷத்தில் ரிசீவரை மடியில் ஓடவிட்டிருந்தேன். விசைத்தறிகள் இரைகிற கருமத்தம்பட்டியைத் தாண்டும்போது 'டிக் டிக்' என்றது. எண்ணைப் பார்த்தேன். நான் வைத்திருந்தது இரண்டாம் நம்பர், ஜீப் குலுங்கினதில் குமிழ் திரும்பியிருக்க வேண்டும், நாலில் நின்றது. செத்த குருவி!

"இது வேற சனியனா? தறி மோட்டார் இரைச்சல் இதுல ஏறுது போலண்ணா" என்று கத்தினேன்.

"ஏனுங்க மேடம், எந்த மோட்டாருன்னு போயிப் பாத்துபோட்டு வந்தறலாமுங்க" என்றார் அவர்.

எந்த இரைச்சல் என்று கண்டுபிடித்துத் திட்டித் தீர்க்கும் ஆத்திரத்தில்தான் இறங்கினேன். நம்புங்கள், வேறு எண்ணமே இல்லை. சத்தம் தறிக்கூடங்களைத் தாண்டி ஒரு சோளக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. நடுவில் பாறை வெட்டிய ஆழமான கிணறு. ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் குறைந்தது, கீழே சாய்த்தால் மட்டும் காது கிழிந்தது. எட்டிப் பார்த்தேன்.

பாதி ஆழத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு பாறைத் திட்டில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கால் மடங்கிக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

பழனிச்சாமி அண்ணன் தறிக்கூடத்துக்கு ஓடினார். ஆட்கள் கயிறும் கட்டிலுமாக வந்து அவளை மேலே தூக்கினார்கள். முந்தின நாள் மத்தியானம் கிணற்று மோட்டார் ஓடவில்லையே என்று பார்க்க இறங்கிப் படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். வீட்டில் எல்லாரும் திருப்பூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தறிச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. இந்தக் கலவரத்தில் ரிசீவர் எப்போது ஓய்ந்தது என்று நான் கவனிக்கவில்லை.

திரும்பிப் போனதும் முதல் வேலையாக டிராயரைத் திறந்தேன். டிரான்ஸ்மிட்டர் வைத்த இடத்திலேயே, வெட்டின கம்பியோடு கிடந்தது. பேராசிரியரிடம் சொன்னேன். "வேற ஏதோ சிக்னல் குறுக்க வந்திருக்கும், அந்தப் பதிவை அடிச்சுரு" என்றார். அடித்துவிட்டேன். அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருஷத்தில் ஒரு குருவியைக்கூட மலைக்கு வெளியே கண்டுபிடிக்காத ஆய்வில், செத்த குருவியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தலைப்பை மாற்றினேன், தவளைகளைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஆனால் அதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனபோது, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மணி, ராத்திரி பூராவும் ஆரோ சீட்டியடிச்சுட்டே இருந்தாங்க. கண்ணு சொருகுறப்பல்லாம் அடிச்சு என்னைய முழிக்க வெச்சாங்க. அது ஆருங்க?"

அந்தப் பக்கம் அந்தக் குருவி வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சமாதானமாக, "கிணத்து மேட்டுல ஏதாவது பறவை உட்கார்ந்திருக்கும்க்கா" என்றேன்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மேல இருந்து இல்லீங்க அம்மணி. எனக்குக் கீழ, தண்ணிக்குள்ள இருந்துங்க."