அப்பாவின் காருக்கு ஹீட்டர் பூட்டிய கதை

தை மாதத்தில் மட்டும் அப்பாவின் கார் எங்கள் மானத்தை வாங்கும். மற்ற மாதங்களில் அது ஒழுங்கான கார்தான். பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய காலத்தில் அதன் பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏதோ ஒரு வேனிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினை அப்பா ஏற்றியிருந்தார். இலங்கை மலைநாட்டில் எங்கள் வீடு, பண்டாரவளையிலிருந்து ஏழு மைல் மேலே, பெரிய ரோட்டோரம். விடியற்காலையில் பனி கொட்டும். சாவியைத் திருப்பினால் கார் இருமும், முக்கும், பிறகு அசையாமல் கிடக்கும். அப்பா தகரத் தட்டில் கரி மூட்டி எஞ்சினுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். ஒருநாள் வயரெல்லாம் கருகி, காரே பற்றிக்கொள்ளப் பார்த்தது. அதற்குப் பிறகு அம்மா கரித்தட்டை ஒளித்து வைத்துவிட்டாள்.

வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம். அந்தத் தை மாதம் காரில் போகவேண்டியவள் அத்தை. அப்பாவின் தங்கை. இந்தியாவுக்கே போய்விடுவதாக மாமா அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட் வந்து, தேயிலைத் தோட்டத்து வேலையில் பேர் வெட்டி, குடியிருந்த லயத்துக் காம்பராவையும் ஒப்படைத்தாயிற்று. பொங்கலுக்கு மறுவாரம் காலை ரயிலைப் பிடித்தால்தான் தலைமன்னாரில் கப்பல். பிள்ளை இல்லாத அத்தைக்கு நான்தான் பிள்ளை. அவள் இந்தியாவுக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தியா பக்கத்து ஊரான பதுளையைவிடக் கொஞ்சம் தூரம், லீவுக்கு வந்துவிடுவாள் என்றுதான் எட்டு வயதுக் கணக்குக்குப் பட்டது.

அத்தை எதற்கும் சகுனம் பார்க்கிறவள். தும்மினால்கூட உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாள். பொங்கலன்று எங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் அவள் அப்பாவிடம் சொன்னாள்:

"காலையில வண்டி மொதத் தடவையிலேயே கெளம்பணும்ணே. தடங்கல் வந்துச்சுன்னா நான் எறங்கிருவேன். பெறகு யாரு சொன்னாலும் ஏறமாட்டேன்."

மாமா சிரித்தார். "எறங்கினா எறங்கு. நான் தனியா போறேன்."

அப்பா சிரிக்கவில்லை. தங்கை ஒருபக்கம், மாப்பிள்ளை ஒருபக்கம் என்று தன் காரால் ஒரு குடும்பம் பிரிந்துவிடுமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. அவரைப் பார்த்து எனக்கும் பிடித்துக்கொண்டது. மறுநாளே சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

சித்தப்பா ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கரண்டு வேலை பார்ப்பவர். துரை பங்களாவில் கழித்துப்போட்ட, தண்ணீர் கொதிக்கவைக்கும் கரண்டுக் கேத்தலின் சூடேற்றும் சுருளை ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். ரேடியேட்டரின் கீழ்க் குழாயை நடுவில் வெட்டினார். சுருளை உள்ளே வைத்து ஒட்டிய இரும்புக் குழாய்த் துண்டொன்றை அந்த இடத்தில் இறுக்கிப் பூட்டினார். அதிலிருந்து வயரை இழுத்து, ஜன்னல் வழியாக முன் அறைச் சுவரில் ஒரு சுவிட்சுக்குக் கொடுத்தார். சுருள் தண்ணீரைச் சுட வைக்கும், சுட்ட தண்ணீர் மேலே ஏறி எஞ்சினைச் சுட வைக்கும், அவ்வளவுதான் என்றார்.

"தண்ணியையும் கரண்டையும் ஒன்னா வைக்கிறீங்களே, யாராவது தொட்டா?" என்றாள் அம்மா.

"போட்டிருக்கும்போது காரைத் தொடாதீங்க. சுவிட்சை மட்டும்தான் தொடலாம். பயமா இருந்தா பலகை மேல நின்னு தொடுங்க."

சுவிட்சுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் மாட்டியிருந்தார். அது எரிந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். சோதித்துப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் எஞ்சின், பால் கறக்க வந்த மாட்டின் வயிறுபோல வெதுவெதுப்பாக இருந்தது. சித்தப்பா என் தலையில் குட்டி, "பல்பு எரியுதான்னு பாத்துக்க, அது ஒன் பொறுப்பு" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள் அத்தையும் மாமாவும் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தைக்கு முன் அறையில் பாய் போட்டார்கள். நான் அவள் பக்கத்தில் படுத்தேன். சிவப்பு பல்பைப் பார்த்தபடியே எப்படியோ தூங்கிவிட்டேன்.

விடிவதற்கு வெகுநேரம் முன்னால் விழித்தால் அறை கும்மிருட்டு. பல்பு எரியவில்லை. அப்பாவை எழுப்பலாம். ஆனால் என் பொறுப்பில் விட்டதை நானே கோட்டைவிட்டதாக ஆகிவிடும். அடுப்படிக்குப் போய்ப் பலாப் பலகையையும் அகப்பையையும் எடுத்துவந்தேன். பலகைமேல் ஏறி நின்று, கண்ணை இறுக மூடி, அகப்பைக் காம்பால் சுவிட்சைத் தட்டினேன். சாகவில்லை. பல்பு எரிந்தது. மறுபடி அணைந்துவிடுமோ என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவிட்சுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏந்தாயி முழிச்சிருக்க?"

"காவல் இருக்கேன் அத்தே. பல்பு அணைஞ்சு போச்சு, நான் மறுபடி போட்டேன்."

அத்தை பல்பையே பார்த்தாள். பிறகு, "குளுருது தாயி, நீ வந்து படு. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

"மாட்டேன். சித்தப்பா என்னையத்தான் பாக்கச் சொன்னாரு."

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் அசையவில்லை. நீங்கள் தூங்கிவிடுவீர்கள் அத்தே என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு அப்பா சுவிட்சை அணைத்து வயரைக் கழற்றினார். எல்லோரும் ஏறினோம். மாமா முன்னால், அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் பின்னால். அப்பா சாமி கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் தடவையிலேயே கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. வழியனுப்ப வந்து வெளியில் நின்ற சித்தப்பா விசிலடித்தார். மாமா, "பாத்தியா, தடங்கலே இல்ல" என்று திரும்பிச் சிரித்தார். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டீசல் புகை கண்ணைக் கரிக்கிறதாக்கும் என்று நினைத்து, நான் எக்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

வழியெல்லாம் என் வீரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். "நீ இல்லாட்டி நாங்க போயிருக்கவே முடியாது தாயி" என்றார் மாமா. அத்தை என் தலையைத் தடவினாள். ஸ்டேஷன் வரும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். ரயில் ஏறும்போது என் கன்னத்தைப் பிடித்து, "கெட்டிக்காரி" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

திரும்பி வரும்போது அம்மா பின்னால் அழுதுகொண்டிருந்தாள். நான் முன் சீட்டில். பாதி ஏற்றத்தில் அப்பா கேட்டார்:

"ராத்திரி கரண்டு போயிருந்துச்சா?"

"இல்லப்பா. சுவிட்சை யாரோ அணைச்சிருந்தாங்க. நான்தான் தட்டிப் போட்டேன்."

"அந்த அறையில யாரு படுத்திருந்தா?"

"நானும் அத்தையுந்தான்."

அப்பா காரை ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எனக்கு விளங்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. விளங்கிய நாளிலிருந்து இன்றுவரை, அன்றைக்கு நான் தூங்கித் தொலைத்திருக்கக்கூடாதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கிருந்த பயம் வேறு. நடு ரோட்டில், இத்தனை குளிரில், ஹீட்டர் போடக் கரண்டும் இல்லை. நான் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எஞ்சின் ஆறிப்போயிரும்பா. சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணுங்க."