திரும்பி வரும் தேதி

கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. போகிறவரும் சொல்வதில்லை. இனயத்தில் எல்லா வீட்டிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் இது சட்டம். அப்பாவின் அண்ணன் ஒருமுறை, கிறிஸ்மசுக்கு முந்தின நாள் வந்துவிடுவேன் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அதே நாளில் போட் வந்தது, அவர் வரவில்லை. அதற்குப் பிறகு தேதி என்ற பேச்சே கிடையாது. அப்பா ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். பக்கத்து வீட்டு அக்கா வாய்தவறி, "அண்ணன் எப்ப வருவாரு?" என்று கேட்டுவிட்டால் அம்மா, "இன்னைக்கு வெயிலு கொஞ்சம் கூடுதல்" என்பாள். கேட்டவளும் வெயிலைப் பற்றியே பேசிவிட்டுப் போவாள்.

நான் இதையெல்லாம் கிண்டல் செய்தே வளர்ந்தவள். கடலுக்குக் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இந்த லட்சணத்தில்தான் எனக்கு விசா எடுக்க வேண்டி வந்தது.

நாகர்கோவிலில் முதுகலை இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவின் வடக்கே, குளிருக்குப் பேர்போன ஒரு ஊரில், கடற்பாசி ஆய்வகம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. மூன்று மாதத்துக்கும் குறைவு, அதனால் குறுகிய கால விசா போதும். போதும் என்று சொல்வது சுலபம். இன்ஷூரன்ஸ், தங்குமிடம், கல்லூரிக் கடிதம், போய்வர விமான டிக்கெட் என்று கேட்டது எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நீ திரும்பி வருவாயா, என்றைக்கு வருவாய்? எங்கள் வீட்டில் வாயைத் திறந்து சொல்லக்கூடாத ஒன்றை ஒவ்வொரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

கடைசியாக, செலவை ஏற்றுக்கொள்வதாக அப்பா ஒரு கடிதம் தர வேண்டும். நானே தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். "என் மகள் இருபத்தெட்டாம் தேதி இந்தியா திரும்புவாள் என்று..." என்ற இடத்துக்கு வருவதற்குள் அப்பா கையை உயர்த்தினார்.

"வாசிக்காண்டாம் மக்கா. எங்க ஒப்பிடணும், அத மட்டும் காட்டு."

இடது உள்ளங்கையால் அந்த வரியை மூடிக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் கடலுக்குப் போனார். உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடும் என்று எப்போதும்போல போனை அணைத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். கடிதத்தில் நான் கொடுத்திருந்தது அந்த எண்தான்.

கொச்சிக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. என்னோடு விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் வந்துவிட்டது. குறித்த நாளில் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆய்வகத்திலிருந்து எழுதிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்ப்பவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. விசா அலுவலகத்திலிருந்து ஒரு பெண். மலையாளம் கலந்த தமிழில், விசா தயார், பாஸ்போர்ட்டை அனுப்புகிறோம் என்றார். நான் அங்கேயே குதித்திருப்பேன். அதற்குள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நேற்று உச்சைக்கு, ஒரு பன்னிரண்டு மணிக்கு, நிங்கள்ட அச்சன்கிட்ட பேசினேன். ஒரே காற்றுச் சத்தம், பாதி கேட்கல. இருபத்தெட்டாம் தேதி மகள் வந்திடும்னு ரெண்டு தடவை உரக்கச் சொன்னார். மகளுக்கு இழுப்பு உண்டு, அங்க தணுப்பு அதிகமான்னு என்கிட்டயே விசாரிச்சார். பாவம், நல்ல அச்சன்."

எந்த எண்ணுக்குப் பேசினீர்கள் என்று கேட்டேன். வாசித்துக் காட்டினார். அப்பாவின் எண், ஒரு இலக்கம் பிசகவில்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்குள் நானே சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா எடுத்திருப்பாள், அந்தப் பெண் குரலைத் தவறாக எடுத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிக் கேட்டால் அம்மா அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் போன் வைத்தபடியே கிடந்தது. சார்ஜ் சுத்தமாக இல்லை. சார்ஜில் போட்டு உயிர் வந்ததும் பார்த்தோம். முந்தின நாளில் வந்த அழைப்பு, எடுத்த அழைப்பு என்று எதுவும் இல்லை. அம்மா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இழுப்புன்னு எழுதிக் கொடுத்தியாட்டி?"

எழுதவில்லை. எந்தத் தாளிலும் அது இல்லை. சின்ன வயதில் மழைக்காலத்தில் மூச்சு வாங்க எனக்கு வரும் இழுப்பு வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம் பிடித்தது. ஆனாலும் விசா கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் அந்தப் பயத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. அம்மா அலமாரியைப் பூட்டினாள். அதற்குமுன் அதை அவள் பூட்டி நான் பார்த்ததில்லை.

பாஸ்போர்ட் வந்து சில நாள் கழித்து அப்பாவின் போட் தேங்காய்ப்பட்டணத்தில் கரை சேர்ந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவரிடம் நான் இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் கை நின்றுவிட்டது.

"எந்த நாளு?"

சொன்னேன்.

"உச்சைக்கா?"

ஆமாம் என்றேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கடல்ல வலைய இழுத்து வாங்கிட்டு இருந்தோம்," என்றார். "நல்ல காத்து. உனக்க மக வெளிநாடு போறாளாமேன்னு பயலுவ கேட்டானுவ. எனக்கு ஒரு பெருமை. இருபத்தெட்டாம் தேதி வந்திருவான்னு சொன்னேன். காத்துல கேக்கலன்னானுவ. ரெண்டாமதும் உரக்கச் சொன்னேன். அவளுக்கு இழுப்பு உண்டு, அங்க என்ன தணுப்போன்னும் சொன்னேன். சொன்ன பொறவுதான் என்ன சொன்னேன்னு எனக்கே வெளங்கிச்சு. அவனுவளும் தலையக் குனிஞ்சு வலையையே இழுத்தானுவ."

அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் எடுக்காது. கரையிலிருந்து ஒரு சத்தமும் போய்ச் சேராத தூரம் அது.

"தேதிய நீங்க பாக்கவே இல்லியே அப்பா. கையால மூடிட்டுல்லா ஒப்பிட்டீங்க?"

"விரலுக்கு இடையில கண்டேன்," என்றார், திருடிப் பிடிபட்டவரைப்போல.

அறிவியல் படித்தவள் என்ற முறையில் நாளையும் நேரத்தையும் மனதில் மறுபடி ஒத்துப் பார்த்தேன். பிசகவில்லை. நடுப்பகல், ஜன்னல் வழியே வெயில், வெளியே பிள்ளைகள் விளையாடும் சத்தம். அந்த வெளிச்சத்தில் என் கை மயிர் குத்திட்டு நின்றது.

"போவாண்டாம் மக்கா," என்றார் அப்பா.

அம்மா சீறினாள். "நீங்க வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கணும். பிள்ள கஷ்டப்பட்டு வாங்கினது."

அப்பா அதற்கு மேல் தடுக்கவில்லை. தேதியையாவது ஒரு நாள் முன்னே மாற்று என்று மட்டும் கெஞ்சினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் மாற்றினால் அந்தக் கதையை நானும் நம்பியதாக ஆகிவிடும். முடியாது என்றேன். பயம் எனக்கும் இருந்தது, அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

போனேன். ஆய்வகம் நன்றாக இருந்தது, வேலை பிடித்திருந்தது. மத்தியானத்திலேயே இருட்டும் ஊர். குளிர் நெஞ்சில் ஏறி இழுப்பு வந்த நாட்களில், ஜன்னலுக்கு வெளியே காற்று இரைவதைக் கேட்டால் அதற்குள் ஒரு ஆண்குரல் இருக்கிறதா என்று என்னை அறியாமல் கவனித்தேன். எப்போது வீட்டுக்குக் கூப்பிட்டாலும் அப்பா இருந்தார். போட்டுக்கு எஞ்சின் பழுது என்றார். அவ்வளவு நாளாகவா என்று கேட்டதற்கு, அங்கே வெயில் எப்படி என்று கேட்டார். நான் போனதிலிருந்து அவர் கடலுக்கே போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இருபத்தெட்டாம் தேதி காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். கடைசி ஒரு மணி நேரம் இருக்கையின் கைப்பிடியை விடவே இல்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குப் பெருமூச்சு விட்டேன். முடிந்தது, எல்லாம் வீண் பயம் என்று வெளியே ஓடிவந்தேன்.

அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். இளைத்துப்போயிருந்தார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவர் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓரமாக அழைத்துப் போனார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, என் ஷூக்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இதக் கழத்து மக்கா."

"எதுக்கு?"

"கழத்து."

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்பவர்களை அப்பாவே கேலி செய்து நான் கேட்டிருக்கிறேன். சுள்ளென்று எரிச்சல் வந்தது, நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். ஷூவைக் கழற்றி, காலுறையையும் உருவிவிட்டு, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றேன்.

அத்தனை பேர் போய்வரும் இடத்தில் அப்பா கீழே குத்தவைத்து உட்கார்ந்தார். என் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு காலிலும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அசையாமல் நின்றேன். கொஞ்சம் அசைந்து குதிகால் தூக்கிவிட்டால்கூட அவர் என்ன நினைப்பாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.