முள் அசையாத வண்டி

இன்பமணிக்கு லாரி ஓட்டவும் தெரியும், பயப்படவும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வான். முக்கூடலில் என் பட்டறைக்குள் அவன் வண்டி நுழையும்போதே மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிடுவேன். ஒரு நட்டை முறுக்கினால், "இன்னும் ஒரு சுத்து முறுக்கும்வே" என்பான். முறுக்கினால், "மரை போயிராதே?" என்பான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. சில வருசத்துக்கு முன்னால் செங்கோட்டை மலைப்பாதையில் இறங்கும்போது கியர் பாக்ஸில் ஆயில் வற்றி, சூடேறி, கியர் தானாகக் கழன்றுவிட்டது. லோடு வண்டியை இறக்கத்தில் பிரேக் மட்டும் எவ்வளவு நேரம் பிடிக்கும்? மலைச்சுவரில் கொண்டுபோய்ச் சாத்தித்தான் நிறுத்தினான். இவனுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் இருந்த மாற்று டிரைவர் பேச்சிராஜுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பேச்சிராஜ் இன்றைக்கும் இவனைக் கண்டால் சிரித்துத்தான் பேசுவான். திட்டியிருந்தால்கூட இவனுக்கு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் மலை லோடு என்றாலே இன்பமணி வேண்டாம் என்று சொல்லிவிடுவான். இந்தத் தடவை வேறு லோடே கிடைக்கவில்லை. பாபநாசத்துக்கு மேலே, மலைக்குள் ஒரு கட்டிட வேலைக்குச் சிமெண்டு கொண்டுபோக ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்ட கையோடு என்னிடம் வந்துவிட்டான்.

"தளவாய், கியர் பாக்ஸ் சூட்டக் காட்டுத மீட்டர் இருக்காமே. மாட்டித் தாரும். முள்ளப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு வரும்."

மாட்டிக் கொடுத்தேன். கியர் பாக்ஸ் அடியில் ஆயிலை இறக்குகிற போல்ட்டுக்குப் பதிலாக, நடுவில் ஓட்டை போட்ட போல்ட் ஒன்றை லேத்தில் கடைந்து வாங்கி, அந்த ஓட்டையில் சென்சாரை முறுக்கினேன். கசியாமல் இருக்கச் செம்பு வாசர். சென்சாரிலிருந்து மீட்டருக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். மறு வயர் கிடையாது. சென்சாரின் உடம்பு கியர் பாக்ஸ் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் எர்த்து. தொடாவிட்டால் முள் செத்த மாதிரி கிடக்கும். இதையும் அவனிடம் சொன்னேன். சொன்னது எங்கே காதில் ஏறிற்று? குனிந்து குனிந்து அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒழுகிராதே?"

"ஒழுகுனா என் மீசைய எடுத்திருதேன், போரும்வே."

மறுநாள் காலையில் லோடோடு வந்து, நானும் கூட வந்தால்தான் மலை ஏறுவேன் என்று நின்றான். சவத்த, ஒரு பொழுது போகட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன்.

பாபநாசம் தாண்டிச் சோதனைச்சாவடி கழிந்து ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது கியரில் வண்டி முக்கி முக்கி ஏறுது. முள் அடிக்கோட்டில் அப்படியே கிடக்குது.

"பாரும், பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீரு" என்றேன்.

"கொஞ்சமாவது ஏறணும்லாவே?" என்றான். "அசையாமக் கிடக்கதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சிரித்தேன். அடுத்த வளைவில் என் சிரிப்பு நின்றுவிட்டது. காலடித் தகட்டிலிருந்து அனல் வந்தது. கூடவே, தீய்ந்த கந்தக வாடை. கியர் ஆயில் வேகிற வாடையை முப்பது வருசமாக மோந்தவன் நான்.

"நிறுத்தும். ஓரங்கட்டும்."

ஏற்றத்தில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இடது பக்கம் பள்ளம். எட்டிப் பார்க்க எனக்கே மனசு வரவில்லை. குதித்து இறங்கி பின் டயர் நாலுக்கும் பெரிய பெரிய கல்லாக முட்டுக் கொடுத்தேன். இன்பமணியிடம், பிரேக்கை விட்டுக் காலை எடுக்கக்கூடாது, சாவி போட்டபடி மீட்டரையே பார் என்று சொல்லிவிட்டு அடியில் புகுந்தேன். மேலே சிமெண்டு மூட்டை மொத்தமும் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. கல்லுக்கும் டயருக்கும் நடுவில் மணல் நெரிகிற சத்தம் கேட்டது.

எச்சிலைத் தொட்டு கியர் பாக்ஸில் வைத்தேன். சுரீர் என்றது. சென்சாரைப் பார்த்தேன். என் செம்பு வாசரைக் காணோம். கறுப்பு ரப்பர் வாசர் ஒன்று பிதுங்கிக்கொண்டு நின்றது. மரை முழுக்கக் குழாய்க்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்.

"ஏலே இன்பமணி! யாருலே இதுல கைய வச்சது?"

மேலேயிருந்து பதில் மெதுவாக வந்தது: "நான்தான்வே, நேத்து ராத்திரி வீட்டுல வச்சு. ஒழுகிரும்னு தோணிட்டே இருந்துச்சு. தண்ணிக் குழாய்க்குச் சுத்துவாங்கள்லா, அது மாதிரி..."

"கழத்தும்போது ஆயில் கொட்டியிருக்குமே?"

"சட்டியில பிடிச்சு ஊத்திட்டேன்."

"பூராவுமா?"

"கொஞ்சம் மண்ணுல போச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே எழும்பி அவன் செவிட்டில் ஒன்று விட்டிருப்பேன். எழும்ப இடமில்லை. டேப்பும் ரப்பரும் சேர்ந்து சென்சாரை இரும்பிலிருந்து பிரித்துவிட்டன. பாதி ஆயில் அவன் வீட்டு மண்ணில். கியர் பெட்டி வெந்துகொண்டிருக்குது, முள் தூங்குது.

பையில் கிடந்த வயர்த் துண்டை உரித்து, ஒரு முனையை சென்சார் கழுத்தில் சுற்றி, மறு முனையை கியர் பாக்ஸ் போல்ட்டில் வைத்து அழுத்தினேன். சூட்டில் விரல் பொத்துவிட்டது.

"ஏறுதுவே!" என்று மேலேயிருந்து அலறினான். "பாதி... தாண்டிட்டு... சிவப்பு! சிவப்புக்குப் போயிட்டுவே! ஆண்டவரே, ஆண்டவரே..."

"ஆண்டவர அப்புறம் கூப்பிடும். பிரேக்க மிதியும்!"

வயரைக் கட்டிவிட்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் கியர் கழன்று, ஏறின வண்டி பின்னால் உருண்டிருக்கும். இந்தத் தடவை பக்கத்து சீட்டில் நான்.

கீழே போன ஜீப்பை மறித்தேன். ஓட்டி வந்த அசன் மைதீன் தெரிந்த ஆள். கியர் ஆயில் டின் வாங்கி வந்து தந்தார். பெட்டி ஆறின பிறகு ஊற்றி, மெதுவாக மேலே போய் லோடை இறக்கினோம். இறங்கும்போது மீட்டரைப் பார்க்க இன்பமணிக்குத் தைரியம் இல்லை. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எங்கவே நிக்கு?" என்று வளைவுக்கு வளைவு கேட்டான்.

"பாதிக்குக் கீழ."

"இப்போ?"

"பாதி."

அதற்கே நிறுத்திவிட்டான். பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "என்ன அண்ணாச்சி, வண்டிக்கு வளைகாப்பா?" என்றார். இன்பமணி அசையவில்லை. பஸ் ஒதுங்கிப் போயிற்று. முள் இறங்குகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். நானும் அவசரப்படுத்தவில்லை.

கீழே வந்து வண்டி நின்றதும் என் பொத்துப்போன விரலைப் பிடித்துப் பார்த்தான். "பேச்சிராஜ்ட்ட சொல்லிராதீரும்வே" என்றான் கடைசியில்.

நான் சொல்லவில்லை.

பட்டறைக்கு வந்ததும் டேப்பை உரித்தெறிந்து, பழையபடி செம்பு வாசர் போட்டேன். சென்சார் கழுத்தில் நான் கட்டின வயர்த் துண்டு இனி தேவையில்லை. அவிழ்க்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது அங்கனயே இருக்கட்டும்வே. உம்ம உசிரக் கொடுத்துக் கட்டுனது."

நேற்று காலையில் போன் வந்தது. சீவலப்பேரியில் நெல் ஏற்ற நிற்கிறானாம்.

"தளவாய், முள்ளு அசையலவே."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணியாச்சா?"

"இன்னும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பண்ணும், நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.