வலது கன்னத்தின் சிவப்பு

அன்று சாயங்காலம் ரசியாவின் அடுக்களையில் இருந்தது நான்கு பேர். அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெய் வடிகட்டிக்கொண்டிருந்த ரசியா, மூலையில் விரித்த பாயில் அவள் மகன் அயான், அவன் பக்கத்தில் ஒன்பது மாதமான என் மகள் நிலா, சுக்கு குடோனில் வேலை முடிந்து நேராக வந்து வாசலில் நின்ற நான். ஒரு குப்பி எண்ணெய்க்காக ஒருத்தி அரைநாள் அடுப்பில் நிற்பாள் என்பதை இந்த மலையாள ஊரான மட்டாஞ்சேரிக்கு வந்துதான் பார்த்தேன். தேங்காய்ப்பாலை உருளியில் ஊற்றிச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் எண்ணெய் தனியே பிரிந்து வருகிறது. உருக்கு வெளிச்செண்ணெய் என்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தேய்க்க மட்டும். எங்கள் ஊரில் செக்கெண்ணெயோ பாக்கெட் எண்ணெயோ, தாளிக்கிற கிண்ணத்திலிருந்தே ஒரு கை அள்ளிப் பிள்ளையின் தலையில் வைத்துவிடுவோம்.

பிள்ளை பிறக்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். விளாத்திகுளத்தில் எட்டாவதோடு படிப்பை விட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனபோது, பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிவப்பழகு கிரீமைக் கிழித்து முகத்தில் அப்பிக்கொள்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. சிவப்புச் சாயம் கையில் ஒட்டும் சிக்கன் பக்கோடாவை விரல் சூப்பித் தின்றிருக்கிறேன். நிலா பிறந்த மறுவாரம் எனக்குள் யாரோ புதிதாகக் குடிவந்த மாதிரி ஆயிற்று. சோப்பு, பவுடர், பிஸ்கட், பால்மாவு டப்பா எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது தமிழும் எண்களும்தான். மருந்துக்கடையில் ஒரு முறை கிரீம் டியூபைக் காட்டி, இதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டேன். கடைக்காரர் என்னையும் டியூபையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது தேய்க்கானுள்ளதாணு, தின்னானல்ல" என்றார். தேய்க்கிற கிரீமைத் தின்றுவிடுவேன் என்று பயந்துவிட்டார் போல. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரசியாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலே மாடியில் குடியிருக்கிறாள். அவள் தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. மலையாளமும் இங்கிலீஷும் தண்ணீர்பட்ட பாடு. டப்பாவைக் கையில் வாங்கினால் பத்திரிகை படிக்கிற மாதிரி படிப்பாள். எது அதிகமோ அதை முதலில் எழுதுவார்கள் என்று அவள்தான் சொன்னாள். நான் அருமையாக வாங்கி ஊட்டிய மாவில் இரண்டாவது பெயர் சர்க்கரை. அவள் மகனுக்கு அந்தத் தொல்லையும் கிடையாது. நேந்திரங்காயை வாங்கி, சீவி, மொட்டைமாடியில் காயவைத்து அவளே பொடித்துக் குறுக்கு என்கிற கூழ் காய்ச்சுகிறாள். அயானின் தோல் கழுவி வைத்த கத்தரிக்காய் மாதிரி மின்னும். என் மகளின் வலது கன்னத்தில் மட்டும் சிவப்பாகத் தடித்துத் தடித்து வரும். அவனைக் கொஞ்சும்போது என் வாய் சிரிக்கும், வயிறு எரியும். பச்சைப் பிள்ளைமேல் பொறாமைப்படுகிறவள் என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மை அதுதான்.

அந்தக் கன்னத்துக்காக நான் செய்யாதது இல்லை. என் சாப்பாட்டில் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினேன். சோப்பை நான்கு முறை மாற்றினேன். பவுடரைக் குப்பையில் போட்டேன். கடைசியில் ரசியாவிடமே எண்ணெய் கேட்டேன். விலைக்குத் தந்தால்தான் வாங்குவேன் என்று சொன்னதற்கு, சிரித்துக்கொண்டே குப்பி இருநூறு என்றாள். பெருநாளுக்குக் குடோன் மூன்று நாள் லீவு விட்டபோது கன்னம் தெளிந்தது. எண்ணெய்க்குத்தான் கேட்டது என்று சந்தோஷப்பட்டேன். லீவு முடிந்து இரண்டே நாளில் பழையபடி சிவந்துவிட்டது. மூன்று குப்பி தீர்ந்துபோனது.

அன்று நான்காவது குப்பிக்காகத்தான் வாசலில் நின்றேன். ரசியா நிலாவைத் தூக்கிக் கொடுத்தாள். பகலெல்லாம் அவளிடம் இருக்கும் பிள்ளை, என்னிடம் வந்ததும் எப்போதும்போல் என் இடது தோளில் வலது கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது. எச்சில் வழிந்தது. தோளில் கிடந்த தோர்த்தால் துடைத்தேன். குடோனில் தலையில் கட்டியிருக்கும் அந்தத் துண்டை, கிளம்பும்போது உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவது என் வழக்கம்.

மற்ற நாளில் பிள்ளையைக் கொடுத்ததும் தன் வேலைக்குத் திரும்பிவிடும் ரசியா, அன்று வடிகட்டுவதை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். "செல்விக்கா, ஒண்ணு கேட்டா கோவிக்கக் கூடாது. ஜோலி விட்டு வந்து குளிக்காமயா தெனமும் மோளெ எடுக்கிறது?"

"பின்னே? பிள்ளை அழுவாளே."

"அந்தத் தோர்த்துப் பொடி இங்க நிக்கிற எனக்கே மூக்கு எரியுது."

"வெறும் சுக்குதான் ரசியா. தின்கிற சாமான்தானே."

"தின்கிறதுதான். அதுக்காகக் கண்ணுல இடுவீங்களோ?"

சுக்கு வெள்ளையாகத் தெரியச் சுண்ணாம்பில் முக்கிக் காயவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சாக்கில் போட்டு உருட்டும்போது பறக்கிற தூசியில் நாள் முழுக்கத் தும்முகிறவள் நான். கெடுதல் என்றால் டப்பாவின் பின்னால் படிக்க முடியாத எழுத்தில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். என் தோளில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கன்னத்தின் காரணம் தெரிந்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், இதையும் அவளே கண்டுபிடித்துவிட்டாளே என்ற எரிச்சல்தான் வந்தது.

இப்போது தோர்த்து குடோனிலேயே ஆணியில் தொங்குகிறது. நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைமுதல் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் மாடியேறுகிறேன். நிலாவின் கன்னம் இரண்டு வாரத்தில் சமமாகிவிட்டது. ஆனால் என் குரல் கேட்டதும் அவள் மேலே அழ ஆரம்பிக்கிறாள், நான் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அழுகை நின்றுவிட்டால் எனக்கு இன்னும் பதற்றம். ரசியா ஏதோ மலையாளத் தாலாட்டு பாடுவாள், பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்கும். சோப்பு போகாமலே ஓடிவிடலாமா என்றிருக்கும். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, பிழைக்க வந்த இடத்தில் வாடகைக்கு வீடு கிடைக்கிறது, வேலை கிடைக்கிறது. பிள்ளையை நினைத்தவுடன் எடுத்துக்கொள்வது மட்டும் மாடியில் இருப்பவளுக்குத்தான் கிடைக்கிறது.

நேற்று ஈரத்தலையோடு போய்க் கை நீட்டினேன். நிலா என்னிடம் தாவினாள். ஒரு கை என் கழுத்தில், இன்னொரு கையில் ரசியா தலையில் போட்டிருக்கும் தட்டம் என்கிற துணியின் நுனி. விடச் சொல்லி நான் விரல்களைப் பிரிக்கவில்லை. பிள்ளையின் உச்சியில் உருக்கெண்ணெய் வாசனை, அந்த வீட்டு வாசனை. விலைக்குத்தான் வாங்குவேன் என்று சொன்ன நானே அதற்கான காசை மட்டும் கையில் பணம் இருக்கும்போதும் கொடுக்காமல் இழுக்கிறேன், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான்கு குப்பிக்கு, அவளுக்கு நான் இன்னும் தர வேண்டியது எண்ணூறு ரூபாய்.