ஒரே படிக்கட்டு, ஒரே அட்டியல்

அந்தப் பாழாய்ப்போன படத்தைக் கொண்டு வந்தவர் சித்தப்பா. நாங்கள் அப்போது சுவிஸில், பேர்ன் நகருக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் இருந்தோம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த சித்தப்பா, ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்று பழைய சாமான் கடையில் கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்களை அள்ளிக்கொண்டு வருவார். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் குறட்டை விடுவார். முழுக்கப் பார்ப்பது பத்து வயதுக்காரியான நான்தான்.

அந்தப் படத்தில் மழையங்கி போட்ட ஒரு காப்புறுதிக் கம்பனி விசாரணையாளர் லண்டனில் வீடு வீடாகப் போவார். ஒரு பணக்காரி தன் மாலை களவு போய்விட்டதென்று அழுவாள். அவரோ, அதே மாலை வேறொருத்தி கழுத்தில் இருக்கும் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து மேசையில் வைப்பார். அவளுடைய பொய் அந்த இடத்திலேயே பிடிபடும். அடியில் ஜெர்மன் எழுத்து ஓடியதால் கதை எனக்கு நன்றாக விளங்கியது. படமெடுத்தவர்கள் கையில் காசில்லாதவர்கள் என்பதும் விளங்கியது. மூன்று வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு! மூன்றாவது வீட்டில் ஒரு பூச்சாடியை வைத்து ஏமாற்றப் பார்த்திருந்தார்கள். நான் அதைச் சொன்னதும் சித்தப்பா ஒரு கண்ணைத் திறந்து, "உனக்குக் கழுகுக் கண் பிள்ளை" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் தெரியவில்லை. அன்றே ஒரு புதுக் கொப்பி எடுத்து 'விசாரணைகள்' என்று எழுதினேன்.

அந்தக் கோடையில் அக்கா பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு நடந்தது. ஷாஃப்ஹவுசனில் இருந்த மாமி, அப்பாவின் அக்கா, தன் அட்டியலை இரவல் தந்தார். எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களும் அந்தப் படம் மாதிரித்தான். ஒரே அட்டியல் பல கழுத்துகளில் வரும். ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் யாருடையது என்று கேட்கமாட்டார்கள், போட்டவர்களும் சொல்லமாட்டார்கள்.

அட்டியலைத் திருப்பிக் கொடுக்க முதல், நாங்கள் எல்லோரும் கோயில் தேருக்குப் போயிருந்த நேரத்தில், பால்கனிக் கதவை உடைத்து யாரோ அலுமாரியைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மாவின் தாலிக்கொடி கழுத்தில் இருந்தபடியால் தப்பியது. அட்டியல் போய்விட்டது.

மாமிக்கு இது தெரிய முதல் அதேபோல ஒன்றைச் செய்வித்துக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே இல்லை. நித்திரையும் இல்லை. காப்புறுதிப் படிவத்தில் 'இரவல்' என்று எழுத அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தன்னுடையது என்றே எழுதுவித்திருந்தார். உள்ளதை எழுதியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்!

காப்புறுதிக் கம்பனியில் இருந்து விசாரிக்க வந்தவர் சைக்கிள் தொப்பியும் சிவப்பு ஜாக்கெட்டுமாக வந்து நின்றார். மழையங்கி இல்லையே என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஜெர்மன் போதாது. ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். வந்தவர் அக்காவின் சடங்குப் படங்களைப் பார்த்துவிட்டு, இந்த நகை எவ்வளவு காலமாக உங்களிடம் இருக்கிறது என்று கேட்டார்.

"என்ர கலியாணத்துக்கு அம்மா போட்டது எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். இது பொய் அல்லவா! படத்தில் வந்த அதே பொய்! அம்மா ரோல்ஸ் சூடாக்கக் குசினிக்குப் போனதும், நான் ஓடிப்போய் மாமியின் கலியாண ஆல்பத்தை எடுத்து வந்து விசாரணையாளரின் மடியில் விரித்தேன். மாமியின் கழுத்தில் அதே அட்டியல், பதக்கத்தில் ஒரு கல் விழுந்த ஓட்டையோடு. இது மாமியுடையது, அம்மா இரண்டு நாளுக்கு இரவல் வாங்கியது என்று விளக்கமும் கொடுத்தேன்.

அம்மா தட்டோடு வந்தார். ஆல்பத்தைப் பார்த்தார். அதற்கு ஜெர்மன் தேவைப்படவில்லை. பிறகு தட்டை வந்தவர் முன்னால் வைத்து, "ஆறுறதுக்கு முதல் எடுக்கச் சொல்லு" என்றார்.

விசாரணையாளர் பேனாவை மூடிவிட்டு, உனக்கு நல்ல கண்கள் என்று என்னிடம் சொன்னார். அதையும் நான் விடாமல் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"ஓம்," என்றார் அம்மா.

ஒன்றும் தரமுடியாது என்று கடிதம் வந்த அன்று, அக்கா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்தார்.

"அவளை ஒண்டும் சொல்லாதை. பொய் சொன்னது நான்."

நான் செய்தது சரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கொப்பியில் 'வெற்றி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

குளிர்காலத்தில் ஒரு கலியாணவீட்டில் மாமி அட்டியலோடு வந்தார். அது பளபளவென்று மின்னியது. ஓட்டை இருந்த இடத்தில் கல்லும் இருந்தது. "மச்சாள் கல்லும் பதிச்சு மினுக்கியும் தந்தவ" என்று பார்த்தவர்களிடமெல்லாம் அம்மாவைக் காட்டி மாமி பெருமையடித்தார். அம்மா சிரித்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, அம்மாவின் சால்வை விலகியதில், தாலி ஒரு மஞ்சள் கயிற்றில் தொங்குவதைக் கண்டேன். கழுகுக் கண் அல்லவா! கொடி எங்கே என்று கேட்டேன்.

"குளிருக்குத் தங்கம் கடிக்குது பிள்ளை."

உடனே கொப்பியை எடுத்து, 'அம்மாவுக்குத் தங்கம் ஒத்துக்கொள்ளாது. விசாரணை முடிந்தது' என்று எழுதினேன். பஸ் குலுங்கியதில் எழுத்துக் கோணிப்போனது. அழித்துவிட்டு, அம்மாவின் மடியில் கொப்பியை வைத்து, திரும்பவும் வடிவாக எழுதினேன்.